ஸ்பானியச் சொல்லில் அழுத்தம் எங்கே?

'தெர்மினோ' என்று ஒரு ஸ்பானியச் சொல். முதல் அசையை அழுத்திச் சொன்னால் 'முடிவு' என்று பொருள். நடு அசையை அழுத்தினால் 'நான் முடிக்கிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் முடித்தார்'. ஒலிகள் அவையே, அழுத்தம் மட்டுமே இடம் மாறியது. தமிழில் 'படு', 'பாடு' என்று குறிலும் நெடிலும் பொருளைப் பிரிக்கின்றன. குறில், நெடில் பேதமில்லாத ஸ்பானியத்தில் அவ்வேலையை அழுத்தம் செய்கிறது.

அப்படியானால், அச்சில் கண்ட சொல்லை எந்த இடத்தில் அழுத்துவது? அதை அம்மொழியின் எழுத்துமுறையே சொல்லிவிடுகிறது. உலகப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசை பிரித்தல்

இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால், அது பின்னுள்ள உயிரோடு சேரும்: கா-ரா-காஸ். இரண்டு மெய்கள் வந்தால் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும்: கொ-லொம்-பியா. ஆனால் 'ப்ர', 'ப்ல', 'ட்ர' போன்ற கூட்டொலிகள் பிரிவதில்லை: மா-ட்ரிட்.

அ, எ, ஒ மூன்றும் வலிய உயிர்கள். அவற்றில் இரண்டு அடுத்தடுத்து வந்தால் தனித்தனி அசைகளாகும். கவிஞரைக் குறிக்கும் 'போ-எ-டா' இதற்குச் சான்று. இ, உ இரண்டும் மெலிய உயிர்கள். இவை பக்கத்து உயிரோடு ஒட்டிக்கொள்ளும். கொலொம்பியாவின் 'பியா'வில் இகரமும் அகரமும் ஓரசையாக ஒலிப்பது இதனால்தான்.

அழுத்தம் காணுதல்

1. சொல் உயிரிலோ, 'ன்', 'ஸ்' என்னும் மெய்களிலோ முடிந்தால், கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம். கொலொம்பியாவில் 'லொம்', காராகாஸில் 'ரா'.

2. பிற மெய்களில் முடிந்தால் கடைசி அசையில் அழுத்தம். மாட்ரிட்டில் 'ட்ரிட்'.

3. இவ்விதிகளை மீறும் சொல்லில், அழுத்தம் பெறும் உயிரெழுத்தின் தலைமேல் ஒரு சிறு சாய்கோடு இடுவர். பெரு, பனாமா கடைசி அசையில் கோடு பெறும். மெக்சிகோ முதல் அசையில். மெலிய உயிர், பக்கத்து வலிய உயிரோடு ஒட்டாமல் தனித்து நின்று அழுத்தம் பெற்றாலும் கோடு உண்டு: மா-ரி-ஆ.

'ன்', 'ஸ்' இரண்டுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? 'காசா' என்றால் வீடு, 'காசாஸ்' வீடுகள். 'கான்டா' என்றால் பாடுகிறார், 'கான்டான்' பாடுகிறார்கள். பன்மைக்காக இம்மெய்கள் ஈற்றில் அடிக்கடி வந்து சேர்கின்றன. சேர்ந்தாலும் அழுத்தம் நகர்வதில்லை. ஆகவே புதிதாகக் கோடும் தேவையில்லை.

இனி நீங்களே சோதித்துப் பாருங்கள். 'நா-சியோன்' என்றால் நாடு. 'சியோன்' மேல் கோடு உண்டு. பன்மையான 'நா-சியோ-னெஸ்' என்பதில் கோடு இல்லை. ஏன்? அழுத்தம் 'சியோ'வை விட்டு நகரவில்லை. ஆனால் ஓர் அசை கூடியதால், 'சியோ' இப்போது கடைசிக்கு முந்திய அசை. முதல் விதியே அழுத்தத்தைக் காட்டிவிடுகிறது, கோட்டுக்கு வேலையில்லை!