வினை முடிக்கும் தொழில்

கல்தச்சர் கல்லைச் செதுக்குவார். கொல்லர் இரும்பை வடிப்பார். கணக்கர் செலவை எழுதுவார். இவர்தம் பணி யாவர் கண்ணுக்கும் புலனாவது. இவர்கள் அனைவரையும் ஒரே முடிவை நோக்கி, உரிய காலத்தில், உரிய பொருளளவில் இயங்கச் செய்பவர் ஒருவர் உளர். அவர் கல்லைத் தொடார், இரும்பை வளையார். எனினும், அவரின்றிப் பெருஞ்செயல் முற்றுப்பெறுதல் அரிது. அவர் புரியும் தொழிலே திட்ட மேலாண்மை எனப்படும்.

திட்டம் என்பது யாது? தொடக்கமும் முடிவும் உடையதாய், புதிதாக ஒன்றை ஆக்கித் தருவது திட்டமாகும். நாள்தோறும் புகைவண்டியை ஓட்டுதல் வழக்கமான பணி. புதிய இருப்புப்பாதை அமைத்தல் திட்டம். முன்னதற்குப் பழக்கம் துணைசெய்யும். பின்னதற்கு முன்னறிவு வேண்டும். திருவள்ளுவரும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் பொருள், கருவி, காலம், செயல், இடம் ஆகிய ஐந்தனையும் தெளிவுற ஆராயுமாறு பணிக்கின்றார்.

இத்தொழிலின் உயிர்நிலை, பணிகளின் வரிசையை அறிதலாகும். வீடொன்று கட்டுவதாகக் கொள்வோம். அடித்தளத்திற்கு 20 நாள், சுவருக்கு 30 நாள், மேல்தளத்திற்கு 25 நாள் ஆகும் என்க. இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழ வேண்டுதலின், மொத்தம் 75 நாள் ஆகும். கதவுகளைச் செய்யத் தச்சருக்கு 40 நாள் போதும். அவர் முதல்நாளே தொடங்கலாம். அவர் பத்துநாள் தாழ்த்தினாலும் வீடு தாழாது. சுவர் ஒருநாள் தாழ்ந்தாலோ, வீடே ஒருநாள் தாழும். ஆதலால், தாமதம் பொறாத பணிகள் எவை எனக் கண்டு, அவற்றின்மீது கண்வைத்தலே மேலாளரின் கடமை.

இவ்வறிவு மேலைநாட்டில் முறைப்பட வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கர், பணிகளையும் நாட்களையும் கோடுகளால் காட்டும் அட்டவணையைப் பரவச் செய்தார். தாமதம் பொறாத பணித்தொடரைக் கணக்கிடும் முறை, 1957-இல் டூபான்ட் என்னும் இரசாயன நிறுவனத்தின் முயற்சியால் உருவாயிற்று. 1969-இல் அமெரிக்காவில் திட்ட மேலாண்மைக் கழகம் தோன்றியது. 1984 முதல் அக்கழகம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கி வருகின்றது. இவ்வாறு, அனுபவத்தால் மட்டுமே அறியப்பட்ட திறமை, கற்றுத் தேறும் தொழிலாக மதிப்புற்றது.

இத்திறமையின் பயனை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றால் அறியலாம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தையும் சிதைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட இரும்பு உத்தரங்கள் கடலுள் வீழ்ந்தன. அந்நாளில் இராமேசுவரத்திற்குச் சாலைப்பாலம் இல்லை. ஆதலின் தீவினர்க்கு நிலத்தொடர்பே அற்றது. பாலத்தைச் சீர்செய்ய ஆறு திங்கள் தவணை குறிக்கப்பட்டது. மேலதிகாரி அதனை மூன்று திங்களாகக் குறைத்தார். பொறுப்பு ஏற்றவர் ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர். புதிய உத்தரங்கள் செய்து கொணர்வதாயின் காலம் நீளும். கடலுள் உத்தரங்கள் கிடப்பதை மீனவர் வாயிலாக அறிந்த அவர், அவற்றையே மீட்டெடுத்துப் பொருத்தச் செய்தார். 46 நாட்களில் பணி முடிந்தது. வினையின் முட்டுப்பாடு எங்குள்ளதெனக் கண்டு, அதனை நீக்கியதே இவ்வெற்றியின் காரணம். பிற்காலத்தில் கொங்கண் இருப்புப்பாதையும் டில்லி மெட்ரோ இரயிலும் அவர் தலைமையிலேயே உருப்பெற்றன.

இத்தொழிலை விரும்பும் மாணவர், முதற்கண் பொறியியல், கணக்கியல், கணினி போன்ற துறை ஒன்றில் தேர்ச்சி பெறுதல் நன்று. பின்னர், மூத்தோரின்கீழ்ச் சிறுபணிகளைப் பொறுப்பேற்றுப் பழக வேண்டும். மேற்கூறிய கழகத்தின் புகழ்பெற்ற சான்றிதழும், பணி நடத்திய பட்டறிவு இல்லாதார்க்குக் கிட்டாது. கட்டடம், மருத்துவமனை, மென்பொருள், வெள்ளநிவாரணம் என எங்கும் இவர்க்கு வேலை உண்டு.

அறிவோடு பண்பும் இத்தொழிற்கு இன்றியமையாதது. தாமதம் நேர்ந்தவழி அதனை மறைப்பவர், தம் குறையைப் பிறர் தலைமேல் ஏற்றுபவர் ஆவர். நேர்ந்ததை நேர்ந்தவாறே உரிய காலத்தில் உரைப்பின், திருத்த வழி பிறக்கும். தொழிலாளர் சொல்லைச் செவிமடுக்கும் பணிவும், கணக்கில் வழுவாமையும், வாய்மையும் உடையவரே இதில் சிறப்புறுவர். பலர் உழைப்பு வீணாகாது பயன்தரச் செய்தல் எளிய செயலன்று. அது நாட்டிற்கு ஆற்றும் நற்றொண்டாகும்.