காது வலியா, தாடை வலியா?

பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது நாங்கள் வீட்டுப் பலகாரங்களோடு ஒரு வலியையும் சுமந்து வருவதுண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புக்குப் பஞ்சமில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளே உண்டு. ஆலைக்குப் போகும் கரும்பு, பொங்கலுக்கு வாங்கும் கரும்பைவிடக் கடினமானது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். வரப்பில் நடந்து வரும் எங்கள் பற்கள் அறிவதில்லை!

இவ்வாண்டு கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் எங்கள் தோழி ஒருத்தி, வலக்காதைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். வீட்டில் பாட்டி பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டிருக்கிறார். வலி போகவில்லை, காது அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். "சொத்தைப் பல்லாக இருக்கும், பிடுங்கிவிடு" என்றாள் இன்னொருத்தி. விடுதிச் சிஸ்டர் வந்து, காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, "வாயைத் திறந்து மூடம்மா" என்றார். 'டக்' என்று ஒரு சத்தம். கூடவே அவள் அலறலும். "காதும் இல்லை, பல்லும் இல்லை. இது தாடை மூட்டு" என்றார் சிஸ்டர். பரீட்சை நெருங்கும் வேளையில் அவளால் உண்ணவும் முடியவில்லை, உறங்கவும் முடியவில்லை. அதனால்தான் இதைப் பற்றி நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறோம்.

கீழ்த்தாடை எலும்பு மண்டையோட்டோடு சேரும் இடம் காதுக்கு முன்னால் இருபுறமும் உள்ளது. கதவுக் கீல் போல மடங்குவதோடு, வாயை அகலத் திறக்கும்போது இம்மூட்டு முன்னோக்கி வழுக்கியும் செல்கிறது. நடுவே மெத்தை போல ஒரு சிறு வட்டு இருக்கிறது. அது சற்று இடம் விலகினால் 'டக்' சத்தம் வரும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் வைத்தியம் வேண்டியதில்லை.

மூட்டு காதை ஒட்டியே இருப்பதால் வலி காதில் இருப்பதாகவே தோன்றும். 1934-இல் அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதுக் கோளாறு என்று வந்த சிலருக்குக் குறை தாடை மூட்டில் இருப்பதாக எழுதினார். பற்கள் விழுந்து தாடை அளவு மீறி மூடுவதே காரணம் என்று அவர் கருதியதைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆனாலும் காது வலி என்றால் தாடையையும் பார்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

கரும்பு ஒரு சாக்குத்தான். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு படிப்பது, தூக்கத்தில் நறநறவென்று பல் கடிப்பது, பென்சிலைக் கடிப்பது, மோவாயைக் கையில் தாங்கி உட்காருவது ஆகியவையும் தாடைத் தசைகளைக் களைப்படையச் செய்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே இவ்வலி மிகுதி. எங்கள் தோழி இரவில் பல் கடிப்பதை நாங்கள் கேலி செய்திருக்கிறோம், இப்போது செய்வதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் தாடைக்கு ஓய்வு கொடுத்தாலே குணமாகிவிடும். கேழ்வரகுக் கூழ், சாமைக் கஞ்சி, குழைந்த சோறு, மசித்த மரவள்ளிக் கிழங்கு எல்லாம் மலை வீடுகளிலேயே உண்டு. முறுக்கும் வேர்க்கடலையும் சூயிங்கமும் வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், தோல் சுடாதபடி, நாளைக்கு இரண்டு மூன்று முறை கால்மணி நேரம் ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டாவி வரும்போது மோவாய்க்குக் கீழே முஷ்டியை வைத்துக்கொண்டால் வாய் அளவு மீறித் திறக்காது.

எல்லாவற்றிலும் பயன் தந்தது ஒரு சிறு பழக்கம். 'ன்' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நிற்கும் அந்த இடத்திலேயே அது இருக்கட்டும், உதடுகள் மூடியிருக்கட்டும், பற்கள் மட்டும் தொடக்கூடாது. சும்மா இருக்கும் வாய்க்கு அதுவே ஓய்வு நிலை. எங்கள் தோழி இதைக் கணக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் 'ன்' என்று எழுதி வைத்துப் பழகினாள். கணக்கு ஆசிரியைக்கு அது புரியாமல் போனது வேறு கதை.

காதில் எண்ணெய் விடுவது மட்டும் கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தீங்கு வரும். தாடையை வெடுக்கென்று இழுத்துவிடுவதும் ஆபத்து.

பெற்றோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நடுமூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாயில் நுழைக்க முடியாமல் போனாலும், திறந்த வாய் மூடாமல் நின்றாலும், அடிபட்ட பின்போ காய்ச்சல் வீக்கத்தோடோ வலி வந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முள்ளோ ஆணியோ குத்திய சில நாட்களில் தாடை இறுகினால் அது வாய்ப்பூட்டு நோயாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. பாக்கு மெல்லும் பெரியவர்களுக்கு வாய் எரிந்து, திறப்பு குறுகி வந்தால் அது வேறு நோய். நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் தாடை வலித்தால் இருதயத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் பஸ் பிடித்து இறங்குவது எளிதல்ல என்பதை அறிவோம். ஆனால் சிறுவங்கூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு தொலைதூரப் பெருநகரங்களுக்கு அலையும் தேவை குறைந்திருக்கிறது.

எங்கள் தோழிக்கு மூன்றாம் வாரத்தில் மூன்று விரல்களும் நுழைந்தன. பரீட்சையும் எழுதினாள். கரும்பை மட்டும் இன்னும் சாறாகத்தான் குடிக்கிறாள்.