மண் மாதிரியும் கோட்டுக்குறிச் சீட்டும்

தாளடி அறுவடை முடிந்து களம் துடைத்த பின்னும், குறுவை நாற்றங்காலுக்கு ஏர் பூட்டு முன்னும், வயல் வெறுமையாய்க் கிடக்கும் சில வாரங்களே மண் மாதிரி எடுப்பதற்கு ஏற்ற காலம் என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மர நிழல் ஆகியவற்றை விலக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் மேற்சருகை நீக்கி, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, இரு பக்கங்களிலும் மண்ணைச் சீவி எடுக்கிறோம். அதை ஒன்றாய்க் கலந்து, நான்காய்ப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி, முடிவில் அரைக் கிலோ ஆக்கி, நிழலில் உலர்த்திப் பையில் கட்டி அனுப்புகிறோம். இவ்வளவும் சிரத்தையுடன் செய்கிற நாம், அந்த அரைக் கிலோ மண் பரிசோதனைச் சாலையின் வாயிலைத் தாண்டிய பிறகு தன் பெயரை எவ்வாறு காப்பாற்றிக் கொள்கிறது என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்க்குமாறு செய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் அங்கத்தினர் இருவரின் மண் ஒரே நாளில் ஒரே வண்டியில் சென்றது. ஒருவருடையது ஆற்றுப்படுகையின் நல்ல வண்டல். மற்றவருடையது வடிகாலற்ற தாழ்வில் களர் பூத்த நிலம். முடிவுகள் வந்தபோது வண்டல் வயலுக்கு ஜிப்சம் இட வேண்டும் என்றும், களர் வயலில் குறை ஏதும் இல்லை என்றும் எழுதியிருந்தது. முன்னவர் கடன் வாங்கி ஜிப்சம் வாங்கி இட்டார். பின்னவர் ஒன்றும் இடாமல் சம்பா நட்டார். பயிர் திட்டுத் திட்டாய் மஞ்சளித்துக் கருகியது. மறுமுறை பரிசோதித்தபோதுதான் இரண்டு பைகளும் இடம் மாறிய உண்மை வெளிப்பட்டது. எந்த இடத்தில் மாறின என்பது இன்றுவரை விளங்கவில்லை. மையால் எழுதிப் பைக்குள் இட்ட காகிதச் சீட்டு ஈர மண்ணில் ஊறி எழுத்தழிந்திருக்கலாம். எண்ணைப் பேரேட்டில் ஏற்றியவர் ஒரு வரி தவறியிருக்கலாம். அவ்விருவரும் இன்றும் ஒருவரோடொருவர் பேசிக் கொள்கிறார்கள் என்பது மட்டும் நமக்கு ஆறுதல்.

இத்தகைய தவறு நேர்வது வியப்பன்று. பரிசோதனைச் சாலையில் ஒரு பை ஒரு பையாகவே இருப்பதில்லை. மண்ணைப் பொடித்து 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்தபின், கார அமில நிலைக்கு ஒரு பங்கு, அங்ககக் கரிமத்துக்கு ஒரு பங்கு, தழை, மணி, சாம்பல் சத்துக்களுக்குத் தனித்தனிப் பங்கு, துத்தநாகம், இரும்பு முதலிய நுண்ணூட்டங்களுக்கு ஒரு பங்கு என அது பல குப்பிகளாகப் பிரிகிறது. மண்வள அட்டையில் காணும் இனங்கள் பன்னிரண்டு. ஒரு நாளில் ஐம்பது பைகள் வந்தால் மேஜை மேல் நிற்கும் குப்பிகள் சில நூறு. யாவும் ஒரே உருவம். உள்ளிருக்கும் நீரும் ஏறக்குறைய ஒரே நிறம். பென்சிலால் எழுதிய எண்ணைப் படித்து, நினைவில் வைத்து, பேரேட்டில் எழுதி, மறுபடி கணிப்பொறியில் ஏற்றும் ஒவ்வொரு படியிலும் 1 என்பது 7 ஆகலாம்; 65 என்பது 56 ஆகலாம்.

குறியிட்டுப் பொருளைக் காக்கும் வழக்கம் நமக்குப் புதியதா என்ன? களத்தில் நெற்பொலியின் மேல் சாம்பலாலும் சாணிப்பாலாலும் குறியிட்டு வைத்தவர்கள் நம் முன்னோர். சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இட்ட புள்ளி எத்தனை வெள்ளாவி கண்டாலும் அழிந்ததில்லை. சாயத் தொட்டியில் இறங்கும் நூற்சிட்டத்துக்கு அடையாள முடிச்சிடுவதை நம் நெசவாள அங்கத்தினர்கள் அறிவார்கள். பரிசோதனைச் சாலையின் குப்பிக்கு வேண்டுவதும் இதுவே: நீர், அமிலம், வெப்பம் ஆகியவற்றைத் தாங்கும் குறி; அத்துடன் மனிதக் கண் படிக்க நேராத குறி. பார்கோடு எனப்படும் கோட்டுக்குறி இவ்விரண்டும் ஆகிறது.

அதன் பிறப்பு சுவையானது. 1948இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், கடையில் விற்கும் சரக்கைத் தானே கணக்கிடும் முறை ஒன்று வேண்டும் என்று ஒரு மளிகைக் கம்பெனி அதிகாரி கல்லூரி ஒன்றில் கேட்டதை மாணவர் பெர்னார்ட் சில்வர் செவியுற்றார். அவருடைய நண்பர் ஜோசப் வுட்லண்ட் சாரணர் படையில் தந்திக் குறிகளைக் கற்றவர். மயாமிக் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, புள்ளியும் கோடுமான தந்திக் குறியை மணலில் விரலால் கீழ்நோக்கி நீட்டி இழுத்தார். மெல்லிய கோடும் தடித்த கோடும் பிறந்தன. இருவரும் 1949இல் விண்ணப்பித்த உரிமை 1952 அக்டோபரில் கிடைத்தது. படிக்கும் கருவி மலிவாகக் கிடைக்க மேலும் இருபதாண்டுகள் ஆயின. 1974 ஜூன் 26ஆம் தேதி ஒஹையோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில் ஒரு கட்டு மெல்லும் பசை முதன்முதலாக இம்முறையில் விலை போயிற்று. தந்தியோ நம் நாட்டில் 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அதன் பேரன் மட்டும் எல்லாப் பொட்டலங்களின் மேலும் வாழ்கிறான்.

படிக்கும் விதம் எளிது. ஸ்கேனரின் சிவந்த ஒளி கோடுகளைக் குறுக்கே கடக்கிறது. கறுப்பு அதை விழுங்குகிறது. வெள்ளை திருப்பி அனுப்புகிறது. திரும்பும் ஒளி இருந்தும் இல்லாமலும் மாறும் கால அளவைக் கொண்டு கருவி எண்ணை அறிகிறது. சிவப்பு மையால் கோடு அச்சிட்டால் என்ன ஆகும்? சிவந்த ஒளிக்கு அது வெள்ளையாகவே தோன்றும், ஒன்றும் படிக்கப்படாது. சாயம் அறிந்தவர்கள் இதை உடனே ஒப்புவார்கள்.

எண்ணின் கடைசியில் ஒரு காவல் இலக்கம் நிற்பதும் அறியத்தக்கது. 417265 என்ற எண்ணை எடுத்துக் கொள்வோம். வலமிருந்து 3, 1, 3, 1 என மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 15, 6, 6, 7, 3, 4, ஆக 41. அடுத்த முழுப் பத்தாகிய 50க்கு 9 குறைவு. எனவே 9 காவல் இலக்கமாகிறது. யாரேனும் 26ஐ 62 என மாற்றி 417625 என்று ஏற்றினால் கூட்டுத்தொகை 49 ஆகும், காவலுடன் 58. பத்தால் மீதியின்றி வகுபடாததால் கருவி ஏற்காது. ஆனால் 72ஐ 27 ஆக்கினால் தொகை 51. காவலுடன் 60 என்று வஞ்சகமாய்ப் பொருந்திவிடும்! ஐந்து வேறுபாடுள்ள அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதை இக்காவல் பிடிப்பதில்லை. பரிசோதனைச் சாலைகளில் மிகுதியாய் வழங்கும் ‘கோட் 128’ என்ற முறையில் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு பெருக்கெண் வைத்து 103ஆல் வகுத்து மீதியைக் காவலாய் வைக்கிறார்கள்.

குப்பியில் சீட்டை ஒட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. குப்பி நிமிர்ந்து நிற்கையில் கோடுகள் ஏணிப்படி போல் ஒன்றன்மேல் ஒன்றாய் இருக்க வேண்டும். வேலிப்படல் போல் பக்கத்தில் பக்கமாய் நிறுத்தினால், குப்பியின் வளைவில் இரு முனைக் கோடுகளும் மறைந்துபோகும். கோடுகளின் இரு முனையிலும் வெற்றிடம் வேண்டும். வெப்பத்தால் கறுக்கும் மலிவுத் தாளில் அச்சிட்ட சீட்டு, கடையில் நாம் வாங்கும் ரசீதைப் போலச் சூட்டிலும் சாராயக் கரைசலிலும் கெடும். நாடாவிலிருந்து மையை உருக்கிப் பிளாஸ்டிக் சீட்டில் பதிக்கும் முறையே நிலைக்கும். கோடுகளின் அடியில் எண்ணும் அச்சிடப்பட வேண்டும். மின்சாரம் நின்ற நேரத்தில் கண்ணே துணை.

குப்பி சுண்டுவிரல் அளவானால் கோடுகளுக்கு இடம் போதாது. 1994இல் ஜப்பானின் டென்சோ கம்பெனியார் மோட்டார் உறுப்புகளை இனம் காண அமைத்த கியூஆர் சதுரக் குறி அங்கே உதவும். கறை படிந்து ஒரு பகுதி அழிந்தாலும் மீதியைக் கொண்டு எண்ணை மீட்கும் கணிதம் அதற்குள் அடங்கியிருக்கிறது.

இவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியபோது பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என வகுக்கப்பட்டது. நம் கணக்கில் அது ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவு. மாக் கணக்கில் நிலம் பிரிந்து கிடக்கும் தஞ்சை, திருவாரூர் பகுதிகளில் அந்த ஒரு பை பல குடும்பங்களின் வயல்களுக்காகப் பேசுகிறது. அதன் சீட்டு மாறினால் மோசம் போவது ஒருவர் அல்லர். 2023 ஏப்ரல் முதல் கைப்பேசிச் செயலி வழியே மாதிரி எடுக்கப்படுகிறது. வயலின் அட்சரேகை, தீர்க்கரேகை அங்கேயே பதிவாகி, பைக்கு ஒரு கியூஆர் குறியும் கிடைக்கிறது.

ஆயினும் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. கோட்டுக்குறி எண்ணைத் தவறாமல் படிக்கும். ஆனால் எந்த மண் எந்தப் பையில் இருக்கிறது என்பதை அது அறியாது. மேட்டு வயலின் பைக்குப் பள்ளத்து வயலின் குறியை ஒட்டினால், அந்தப் பிழையை எல்லாக் குப்பிகளிலும் துல்லியமாகச் சுமந்து சென்று அச்சிட்ட அட்டையில் நமக்கே திருப்பித் தரும். வரப்பில் நேரும் தவறு வரப்பிலேயே பிடிபட வேண்டும். ஆகவே இந்தக் கோடையில் மாதிரி எடுக்கும் அங்கத்தினர்கள் ஒரு பையைக் கட்டிக் குறி ஒட்டி முடித்த பின்னரே அடுத்த வயலில் இறங்குதல் நலம். சர்வே எண்ணையும், குறியின் அடியிலுள்ள எண்ணையும், முன்போக பயிரையும் பென்சிலால் எழுதிய சீட்டின் ஒரு படி பைக்குள்ளும் ஒரு படி தம்மிடமும் இருக்கட்டும். பென்சில் எழுத்து ஈரத்தில் ஊறாது. அட்டை வந்தவுடன் உரக்கடைக்குச் செல்லுமுன், அதிலுள்ள எண்ணும் நம் கைச்சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றா என்று சங்கத்துக் காரியதரிசியுடன் அமர்ந்து ஒப்பிட்டுக் கொள்ளலாம். ஒவ்வாதவற்றைத் தனியே எடுத்து வைத்து மறு பரிசோதனைக்கு எழுதுவோம்.