கூரைவழி வரும் எலி

எலி என்றதும் நாம் தரையையே நோக்குகிறோம். வளையை அடைப்பதும் வாசலில் பொறி வைப்பதும் பெருச்சாளிக்குப் பொருந்தலாம். ஓட்டு வீட்டிலும் தென்னந்தோப்பிலும் வாழும் வீட்டெலிக்கோ உயரமே உலகம். உயிரியலார் ராட்டசு ராட்டசு எனப் பெயரிட்ட இவ்வினத்தின் தாயகம் இந்தியத் துணைக்கண்டமே. மரத்தில் வாழ்ந்து பழகிய இவ்வெலி, மனிதன் வேய்ந்த கூரையையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. வணிகக் கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவியது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் மூண்டபோது, மக்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இவ்வெலியின் தெள்ளுப்பூச்சிகளே நோயைச் சுமந்தன. தெள்ளுப்பூச்சியின் பங்கை 1898இல் கராச்சியில் ஆய்ந்து கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன்.

இதன் உடலமைப்பே ஏறுவதற்கென்று வாய்த்தது. தலையும் உடலும் சேர்ந்த நீளத்தைவிட வால் நீண்டது. கொடிக்கம்பியில் ஓடும் எலியைக் கூர்ந்து நோக்கினால், உடல் சாயுந்தோறும் வால் எதிர்ப்புறம் வீசி நிலைகாப்பது தெரியும். முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. அவற்றின் முன்புறம் மட்டுமே இரும்பேறிய கடினப் பூச்சுண்டு. மென்மையான பின்புறம் விரைந்து தேய, விளிம்பு எந்நேரமும் உளிபோல் கூராகவே நிற்கும். ஆகவே மரக்கட்டையும் நெகிழியும் இதற்குத் தடையல்ல. விரல் நுழையும் இடைவெளியே நுழைவாயிலாகப் போதும்.

நஞ்சை நாடுவதை நான் ஏற்கவில்லை. மஞ்சள் பாசுவரம் கலந்த எலிப்பசை கல்லீரலைச் சிதைத்து எத்தனையோ மனித உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. அது வீட்டுக்குள் இருப்பதே தகாது. குருதி உறைவைத் தடுக்கும் நஞ்சோ, எலியைத் தின்னும் ஆந்தையையும் தாக்கும். வழி திறந்திருக்கும்வரை, மடிந்த எலியின் இடத்துக்கு வேறோர் எலி வந்து சேரும்.

எனவே வழியைக் கண்டறிவதே முதற்பணி. மீசைமயிரால் சுவரையும் சட்டத்தையும் தொட்டுணர்ந்தபடி ஒரே தடத்தில் ஓடுவது எலியின் இயல்பு. கைவிளக்கோடு பரணில் ஏறிப் பார்த்தால், கைமரத்தின்மீது அதன் மயிரெண்ணெயும் அழுக்கும் படிந்த கரிய பிசுக்குக் கோடு புலப்படும். அக்கோடு முடியுமிடத்தில் துளை இருக்கும். சுவருக்கும் ஓட்டுக்கும் இடைப்பட்ட சந்து, குழாய் புகும் ஓட்டை, காற்றுத்துளை ஆகியவற்றைச் சிமெண்டுக் கலவையாலோ நெருங்கிய கண்ணுள்ள இரும்பு வலையாலோ அடைக்கவேண்டும். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டவேண்டும். தென்னையின் தண்டில் வழுவழுப்பான தகட்டைப் பட்டையாகச் சுற்றினால் நகம் பற்றாது. ஆயின் பக்கத்து மரத்து மட்டை அம்மரத்தை உரசினால் அத்தகடு வீணே.

எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் மூடலாகாது. உள்ளே அகப்பட்ட எலி சுவரிடுக்கில் செத்து நாறும், அல்லது புதுவழி கொறிக்கும். ஒன்றை மட்டும் விட்டுவைத்து, எலி ஓடும் தடத்தில் பொறி வைக்கவேண்டும். புதுப்பொருளைக் கண்டு அஞ்சும் உயிராதலால், சில நாள் பொறியை முடுக்காமல் இரைமட்டும் வைத்துப் பழக்குவது நன்று. பின்னர் எஞ்சிய துளையின்முன் மாவைத் தூவி நாள்தோறும் பார்த்து, தொடர்ந்து சில நாள் காலடித் தடம் விழாதிருந்தால் அதையும் பூசிவிடலாம்.