ஐந்தாம் நாள்தான் ஆபத்து: ஜூலியின் தையல்

போன மாதம் எங்கள் வீட்டு ஜூலிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. ஒன்பது வயசு, நாட்டு நாய். சின்னதிலேயே கருத்தடை செய்யாமல் விட்டது எங்கள் தப்பு. நோய்க்குப் பேர் பயோமெட்ரா, கர்ப்பப்பைக்குள் சீழ் கட்டுவது. ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வரும். சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தாள், சோற்றைத் தொடவில்லை. கூட்டிக்கொண்டு போன அன்றைக்கே ஆபரேஷன். சாயங்காலம் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதற்கப்புறம் எல்லாம் நம்ம பாடுதான்.

முதல் ராத்திரி விடிய விடிய முனகினாள். பாதி வலி, பாதி மயக்க மருந்து தெளிகிற குழப்பம். மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கும், அதனால் வெறும் தரையில் விடக்கூடாது. சாக்கு விரித்து மேலே பழைய வேட்டி, ஃபேன் கிடையாது. கட்டில், சோபா வேண்டவே வேண்டாம், தள்ளாடி விழுந்துவிடும். தண்ணீர் இரண்டு மடக்கு, வாந்தி இல்லையென்றால் மறுபடி கொஞ்சம். மணிக்கொரு தரம் செல்போன் வெளிச்சத்தில் ஈறைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் வெளுக்கும், விட்டதும் 2 விநாடிக்குள் பழைய சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தே கிடந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. மூக்கு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்கணும். நாய்க்கு 101-லிருந்து 102.5 டிகிரி வரை சாதாரணம், நம் கணக்கில் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா, "பாவம், ஒரு பாரசிட்டமால் பாதி குடுங்களேன்" என்றார். நல்ல மனசு, ஆனால் கூடாது. மனுசங்க வலி மாத்திரையை நாம் அளவு பார்த்துக் கொடுக்க முடியாது. பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும், ஐபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும். டாக்டர் எடைக்கேற்ப எழுதிக்கொடுத்த மெலாக்சிகாம் மட்டும், அதுவும் சாப்பாட்டோடு. சாப்பாடு என்றால் உப்பில்லாத கோழியும் குழைந்த சோறும். சாம்பார், ரசம் கிடையாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இரண்டு மூன்று நாள் வெளிக்குப் போகாவிட்டால் பதற வேண்டாம்.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். கோட்டை விட்டது ஐந்தாம் நாள்.

அன்றைக்கு வாலாட்டிக்கொண்டு எழுந்தாள், பழைய ஜூலி. கழுத்தில் அந்தப் பிளாஸ்டிக் கூம்பு, சுவரில் டக் டக்கென்று இடித்துக்கொண்டு நடக்கிறாள். "ஏண்டா, வாளிய மாட்டிவிட்ட மாதிரி இருக்கு. திங்கற நேரமாவது கழட்டி விடேன்" என்றார் அம்மா. எனக்கும் மனசு கேட்கவில்லை. கழட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒரு போன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தால் இரண்டு தையலைப் பல்லால் பிடுங்கியிருந்தாள், தோல் ஓர் அங்குலம் பிளந்திருந்தது. மறுபடி ஊசி, மறுபடி தையல். "உள் தையல் தாங்கிடுச்சு. அதுவும் போயிருந்தா குடல் வெளிய வந்திருக்கும்" என்றார் டாக்டர். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கழட்டினது நான்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் முதல் நாலைந்து நாள் உடம்பு செய்வது சுத்தம் பண்ணும் வேலை. இழுவையைத் தாங்கும் நார் அதற்குப் பிறகுதான் சேர ஆரம்பிக்கும். ஒரு வாரம் கழித்தும் பழைய வலுவில் நூற்றுக்கு 3 பங்குதான் வந்திருக்கும், மூன்று வாரத்தில் ஏறக்குறைய 20, மூன்று மாதத்தில் 80. அதுவரை நாள் முழுக்கத் தாங்குவது நூல்தான். ஆனால் சீழ் வெளியேறி வலி மருந்தும் ஏறினதால் நாய்க்கு நாலாம் நாளே தெம்பு வந்துவிடுகிறது. தெம்பு காயத்தை முந்திக்கொள்கிறது. போதாததற்குப் புண் ஆறும்போது அரிக்கும், நக்கத் தோன்றும். நாய் நக்கினால் புண் ஆறும் என்பது சும்மா. எச்சிலில் கிருமி இருக்கிறது, நாக்கு முரடு, முன்பல் நூலைத் தேடிப் பிடிக்கும்.

இரண்டாம் முறை கறாராக இருந்தேன். கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும், பழையது கொஞ்சம் குட்டை. கூம்புக்குள் அடங்குகிற சின்னத் தட்டை ஒரு மணைமேல் வைத்தால் கழட்டாமலே சாப்பிடும். மேலுக்கு என் பழைய பனியனைப் போட்டு, வால் பக்கம் முடிந்துவிட்டோம். ஒன்றுக்குப் போகக்கூடச் சங்கிலியோடுதான், மாடிப்படி கிடையாது. மஞ்சள் பத்துப் போடலாம் என்ற அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பொடி அப்பினால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது. தினம் காலையில் ஜன்னலோரமாக ஒரே இடத்தில் நிற்கவைத்துத் தையலைப் போட்டோ எடுத்தேன். முதல் இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பு, வீக்கம் இருக்கும். பிறகும் வீக்கம் ஏறினாலோ, நாற்றம், சீழ், சொட்டும் ரத்தம் என்றாலோ டாக்டர்தான்.

பதினாலாம் நாள் தையல் பிரித்தார்கள். இன்றோடு ஒன்பது நாள். காலையில் பால்காரர் மணியடித்தால் ஜூலி கேட்டைப் பார்த்துத் தாவப் பார்க்கிறாள். நான் இன்னும் சங்கிலியை விடவில்லை.