சுனை வற்றினால் அதிலுள்ள உயிர்கள் என்ன ஆகும்?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் இருக்கிறது சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் ஓவியமாக உள்ளது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் என ஒரு குளத்தின் வாழ்க்கையே அதில் இருக்கிறது. 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் குளம் வற்றுவதில்லை.

ஆனால், இம்மாவட்டத்தின் பாறைக் குன்றுகளில் உள்ள சின்னச் சின்னச் சுனைகள், பாறைக்குழிகளின் கதை வேறு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். அப்போ அதிலிருந்த உயிரெல்லாம் செத்துப்போயிடுமா? இல்லை.

எப்படித் தப்பிக்கின்றன?

தும்பி, நீர்வண்டு போன்றவை இறக்கை முளைத்ததும் வேறு நீர்நிலைக்குப் பறந்துவிடும். சில தவளைகள் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். நத்தைகள் ஓட்டின் மூடியை இறுகச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் உறங்கும்.

இவற்றையெல்லாம் மிஞ்சும் ஆள் ஒன்று உண்டு. இறால் மாதிரி இருக்கும், விரல் நுனி அளவே உள்ள ‘ஃபேரி ஷ்ரிம்ப்’. தென்னிந்தியாவின் தற்காலிகக் குட்டைகளில் வாழும் உயிரி இது. நீர் வற்றினால் இது இறந்துவிடும். ஆனால் இதன் முட்டைகள் காய்ந்த மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் டப்பாவில் வாங்கும் ‘ஆர்டீமியா’ முட்டையும் இந்த வகைதான். உள்ளே இருக்கும் கரு ஏறக்குறைய முழு ஈரத்தையும் இழந்துவிடும். ‘ட்ரெஹலோஸ்’ என்ற சர்க்கரை, செல்கள் சிதையாமல் காக்கும்.

ஒரே மழையில் எல்லாம் பொரித்துவிடுமா?

பொரிக்காது. ஒரு பகுதி மட்டுமே பொரிக்கும். மீதி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அந்த மழை ஏமாற்றிவிட்டாலும் வம்சம் தப்பிக்கும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஒரே இடத்தில் போடாத கணக்குதான் இது.

தென் அமெரிக்க மழைக்காடுகளிலும் இதே சவால் உண்டு. அங்கே ‘ப்ரோமிலியாட்’ செடிகளின் இலையிடுக்கில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரில் புழுக்களும் பூச்சிகளும் வாழ்கின்றன. மழையின் மொத்த அளவு மட்டுமல்ல, இரண்டு மழைக்கு இடையிலான நாட்களும் அவற்றுக்கு முக்கியம்.

அப்படியென்றால் கவலையே இல்லையா?

இருக்கிறது. ஒரு மழை பெய்து முட்டை பொரித்து, குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன்பே குழி காய்ந்தால் அந்தத் தலைமுறை வீண். இது திரும்பத் திரும்ப நடந்தால் மண்ணில் உள்ள சேமிப்பு கரைந்துகொண்டே போகும்.

அடுத்த ஆபத்து நம்மால் வருவது. காய்ந்த சுனையைப் பார்த்தால் வெறும் பள்ளம்தானே என்று தோன்றும். குப்பை விழும். சுத்தம் செய்கிறேன் என்று அடிமண்ணை ஒட்டுமொத்தமாகச் சுரண்டினால், காத்திருக்கும் முட்டைகளும் அதோடு போய்விடும். பாறையையே குவாரிக்கு உடைத்தால், மழை வந்தாலும் தேங்க இடமிருக்காது.

எனவே, தூர் வாரும்போது மேல்மண்ணில் ஒரு பகுதியையாவது அங்கேயே விட்டுவைப்பது நல்லது. பிளாஸ்டிக்கை எடுங்கள், மண்ணை விடுங்கள். ஐப்பசி மழைக்கு அந்த மண்தான் விதை.