வென்றோம், தோற்றார்கள்

நம் விடுதி உணவுக்கூடத்தில் இருமுறை நான் பேசிய பேச்சை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே வாய் பேசியவை என்பதை நினைவில் வையுங்கள்.

2023ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் காலை. மழையினால் தடைப்பட்ட ஐ.பி.எல். இறுதியாட்டம் நள்ளிரவுக்கும் பின்னரே முடிந்திருந்தது. கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். சென்னை ஐந்தாம் முறையாகக் கோப்பையைப் பெற்றது. தூக்கமில்லாத கண்களோடு இட்லித் தட்டை ஏந்திய நான், எதிரே வந்தவர்களிடமெல்லாம் "ஜெயிச்சுட்டோம்!" என்றேன்.

2025ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் காலை. முந்திய இரவு சேப்பாக்கத்தில் சென்னை அணி பெங்களூரு அணியிடம் 50 ஓட்டங்களில் தோற்றிருந்தது. 2008க்குப் பிறகு அந்த மைதானத்தில் பெங்களூருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதே உணவுக்கூடம், அதே இட்லி. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டவரிடம் நான் சொன்னேன்: "தோத்துட்டானுங்க."

இரண்டு ஆட்டங்களிலும் நான் பந்தைத் தொட்டவன் அல்லன். வெற்றியில் என் பங்கு எவ்வளவோ, தோல்வியிலும் அவ்வளவுதான். ஆயினும் வெற்றிக்கு 'ஓம்' விகுதி, தோல்விக்கு 'ஆனுங்க'. இந்த விகுதி மாற்றம் ஏன் நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் இலக்கண நூலார் 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்று ஒன்றைச் சொல்வர். பேசுகின்றவன் தன்னோடு பிறரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு பேசுவது அது. யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைத் தமிழ் மிகக் கவனமாகப் பார்க்கும். கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்'. அவரை விலக்கினால் 'நாங்கள்'. ஆட்டம் பார்க்கும் நேரத்தில் இந்த இலக்கணம் நம் உள்ளத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினி என்னும் அமெரிக்க உளவியலார் தம் கூட்டாளிகளோடு 1976ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைதோறும் வகுப்புக்கு வந்த மாணவர்களின் உடையைக் கணக்கெடுத்தார்கள். வார இறுதியில் தங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அணி வென்றிருந்தால், பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ பொறித்த சட்டைகள் வகுப்பில் மிகுந்தன. வெல்லாத வாரங்களில் குறைந்தன. பிறகு மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்டார்கள். வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' என்ற சொல் மிகுதியாக வந்தது, மற்றபோது குறைந்தது. பிறர் மூட்டிய தீயில் குளிர்காய்வது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் இது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. என்னை உறுத்தியது அதுதான். தொலைபேசியில் முதலில் சில கேள்விகளைக் கேட்டு, சிலரிடம் "நன்றாக விடை சொன்னீர்கள்" என்றும், சிலரிடம் "சரியாகச் சொல்லவில்லை" என்றும் கூறினார்கள். பிறகே ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். சரியாகச் சொல்லவில்லை என்று கேட்டவர்களிடம்தான் வெற்றியோடு 'நாம்' ஒட்டிக்கொண்டது; தோல்வியை அவர்கள் தள்ளியே வைத்தார்கள். தன் கையில் பெருமை குறையும்போது மனிதன் அடுத்த வீட்டுப் பெருமையைக் கடன் வாங்குகிறான். 2023 மே மாதத்தில் எனக்கு இரண்டு பாடங்களில் மதிப்பெண் மோசம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தோல்வி வந்தால் விலகுவதும் இதன் மறுபக்கமே. 1986இல் ஸ்னைடர் என்பவரும் கூட்டாளிகளும் மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் குழு தோற்றது என்று கேட்டவர்கள், குழுவின் அடையாள வில்லையை எடுத்து அணியத் தயங்கினார்கள்.

அப்படியானால் எல்லா ஆர்வலரும் வெயிலுக்கு ஒரு பக்கம், மழைக்கு ஒரு பக்கம் சாய்பவர்கள்தாமா? இல்லை. இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போகவேண்டாம். நாம் படிக்கும் இந்த ஊரே சான்று.

பெங்களூரு அணி 2008 முதல் 2024 வரை பதினேழு ஆண்டுகள் கோப்பையில்லாமல் ஆடியது. இறுதியாட்டத்துக்கு வந்து தோற்றது மூன்று முறை. 2009இல் ஜோகன்னஸ்பர்க்கில் 6 ஓட்டங்களில். 2011இல் நம் சேப்பாக்கத்தில் 58 ஓட்டங்களில். 2016இல் சொந்தச் சின்னசாமி மைதானத்திலேயே 8 ஓட்டங்களில். 2017இல் ஒரு நாள் 49 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஆயினும் சிவப்புச் சட்டை குறையவில்லை. "ஈ சல கப் நம்தே" என்ற முழக்கமும் ஓயவில்லை. 'இந்த முறை கோப்பை நம்முடையதே' என்பது அதன் பொருள். ஊரெல்லாம் அதைச் சொல்லிக் கேலி செய்தது. அந்தக் கேலியில் ஆர்வலர்களும் கலந்துகொண்டு, தங்களைத் தாங்களே சிரித்துக்கொண்டு, மறு ஆண்டும் வந்தார்கள்.

டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும் 1990இல் எழுதிய ஆய்வு இதை விளக்குகிறது. அணியோடு மேலோட்டமாக ஒட்டியவன் தோல்வியில் எளிதாகக் கழன்றுவிடுகிறான். ஆழ ஒட்டியவன் கழல்வதில்லை. அவனுக்கு அணி சட்டையாக இல்லை, தோலாகிவிட்டது. ஆனால் அதற்கு விலை உண்டு. இந்தியானா பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கூடைப்பந்து அணியின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபின், அவர்களுடைய சொந்தத் திறமையைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார்கள். அணி தோற்ற நாளில், சொற்புதிரை விடுவிக்கும் தங்கள் ஆற்றலைக்கூட அவர்கள் குறைத்தே மதித்தார்கள். எங்கோ ஒருவன் கூடையைத் தவறவிட, இங்கே ஒருவன் தன் மூளையைச் சந்தேகிக்கிறான்! 1992இல் வெளிவந்த ஆய்வு இது.

என் அறைத் தோழன் இந்த இரண்டாம் வகை. அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழன். தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், நெஞ்சில் பெங்களூரு அணி. சென்னை வெல்லும் நாள்களில் நான் அவனைச் சீண்டாமல் விட்டதில்லை. "நெக்ஸ்ட் இயர், மச்சா" என்று சிரிப்பான். அவன் ஒருநாளும் 'தோத்துட்டானுங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'தோத்துட்டோம்' என்பதே அவன் சொல்.

2025 ஜூன் 3ஆம் நாள் இரவு அகமதாபாத்தில் பெங்களூரு அணி பஞ்சாப் அணியை 6 ஓட்டங்களில் வென்றது. விடுதி அதிர்ந்தது. தெருவில் விடியும்வரை வெடிச் சத்தம். என்னைக் கட்டிக்கொண்டு அழுதான் தோழன். அன்றிரவு நம் மாணவர் வாட்ஸ்அப் குழுவில், வாழ்நாளில் பெங்களூரு அணியை வாழ்த்தாதவர்கள்கூட "கப் நம்து" என்று எழுதினார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் சின்னசாமி மைதானத்தில் பாராட்டு விழா. மைதானம் கொள்வது ஏறத்தாழ 35,000 பேர். வந்தவர்கள் இரண்டு மூன்று இலட்சம் இருக்கும் என்று முதலமைச்சரே பின்னர்ச் சொன்னார். வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள்; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர். மாணவர்களும் இருந்தார்கள்.

கூட்டம் ஓர் அளவுக்கு மேல் நெருங்கினால், அதிலுள்ள எவருக்கும் தன் கால் தன்வசம் இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நின்றால், கூட்டம் தண்ணீரைப்போல் அலை அடிக்கும். பின்னால் நிற்பவன் ஓரடி முன்வைக்கிறான். அந்த ஓரடி நூறு பேரைக் கடந்து, முன்னால் நிற்பவன் மார்பில் மூச்சை அடைக்கும் பாரமாகிவிடுகிறது. பின்னவனுக்கு முன்னவன் படும் பாடு தெரியாது. வாயிலை எப்படித் திறப்பது, கூட்டத்தை எப்படிப் பிரிப்பது என்பன ஏற்பாடு செய்வோரின் கடமை. அந்தப் பொறுப்பை ஆர்வலர் தலையில் சுமத்துவது நேர்மையன்று.

ஆனால் அன்று மாலை நம் குழுவில் நடந்தது என்ன? "இவனுகளுக்கு அறிவே கிடையாது", "யார் போகச் சொன்னது?" என்று செய்திகள் குவிந்தன. முந்திய இரவு 'நம்து' என்று எழுதிய அதே விரல்கள்! இருபது மணி நேரத்தில் 'நாம்' கரைந்து 'இவனுக' ஆகிவிட்டது. தோல்வியில்தான் மனிதன் விலகுவான் என்று நான் நினைத்திருந்தேன். வெற்றியிலும் துயரம் வந்தால் விலகுவான் என்பதை அன்று கண்டேன்.

தோழன் இரவு ஒன்பது மணிக்கு வந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "பின்னாடி இருந்தவங்க தள்ளிட்டே இருந்தாங்க, மச்சா" என்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "தள்ளினோம்" என்று திருத்தினான்.

அவன் குற்றவாளி அல்லன். அவனையும் யாரோ தள்ளினார்கள். ஆயினும், அன்று நான் கேட்ட பேச்சுகளில் விகுதியை ஒழுங்காகப் பயன்படுத்தியவன் அவன் ஒருவனே என்று எனக்குத் தோன்றியது.

1999ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்ததை நம் தந்தையர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. மைதானம் சிறிது நேரம் ஊமையாயிற்று. பிறகு, வென்ற அணி வலம் வந்தபோது மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "அன்று சென்னையில் நாம் எழுந்து நின்றோம்" என்று எழுதத்தான் முதலில் என் பேனா ஓடியது. அடித்துவிட்டேன். அன்று நான் பிறக்கவேயில்லை. எழுந்து நின்றவர்கள் அவர்கள், பெருமை அவர்களுடையது. அவர்களைப்போல் ஒருநாள் நான் எழுந்து நின்றால், அன்று 'நாம்' என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

ஆட்டத்தை விடச் சொல்ல நான் வரவில்லை; நானும் விடப்போவதில்லை. 'நாம்' என்று சொல்வதும் பிழையன்று. பிழை, அதை நல்ல நாளில் மட்டும் சொல்வது. இனி நம் தொலைக்காட்சி அறையில் ஆட்டம் முடிந்ததும், வாய் திறப்பதற்கு முன் ஒரு நொடி விகுதியைப் பார்ப்போம். வெற்றியில் சொன்ன 'ஓம்' தோல்வியிலும் நிற்கிறதா? நெரிசலில் மாட்டிக்கொண்டவனையும் அந்த 'ஓம்' சேர்த்துக்கொள்கிறதா?

முதலில் என் கடனைத் தீர்க்கிறேன். 2025இல் சென்னை அணி பத்து அணிகளில் பத்தாம் இடத்தில் நின்றது. அதைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. இப்போது சொல்கிறேன்: தோற்றோம்.